சட்டையில் தைத்த அப்பா

போன சனிக்கிழமை காலை என் அப்பா எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி, அம்பகரத்தூர் ரோட்டில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். நிற்கவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பவும் இல்லை.

வேலையிலிருந்து பாதியில் கிளம்பி வந்த நான், வழியில் ஸ்கூட்டரை ஓரம் கட்டி, போனில் அம்மாவிடம் கத்தினேன்.

"அம்மா, அப்பா இப்ப நம்ம வீட்டத் தாண்டிப் போறாரு. கையக் காட்டி நிறுத்து!"

"எங்கடி? வாசல்லதான் நிக்கிறேன். ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல."

"நல்லாப் பாரும்மா... இந்தா, திருப்பத்துக்கிட்ட போயிட்டாரு!"

"ஒரு குட்டியானை போச்சுடி. பழைய துணி மூட்டைய ஏத்திக்கிட்டு. வேற ஒண்ணும் போவல."

துணி மூட்டை!

அந்த நிமிடம் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. குட்டியானை வேனில் போய்க்கொண்டிருந்தது அப்பா இல்லை. அப்பாவின் சட்டை.

அப்படியானால் அப்பா எங்கே?

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியில் என் வீட்டைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் எழுதியதில்லை. அப்பாவுக்கு மறதி நோய். வயதானால் எல்லோருக்கும் வருகிற மறதி இல்லை. டாக்டர் ஸ்கேன் பார்த்து, பெயர் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்த நோய்.

அப்பா விவசாயி. இப்போது நிலம் குத்தகையில் இருக்கிறது. ஏன் விட்டோம் என்று கேட்டவர்களிடம் "முட்டி வலி" என்று சொன்னோம். உண்மையில், அவர் நாற்று நட்ட வயலுக்குப் போய் "இன்னும் உழவே இல்லையா?" என்று ஆட்களைத் திட்ட ஆரம்பித்திருந்தார்.

வெளியே தெரியக்கூடாது. அம்மா போட்ட ஒரே சட்டம் அது.

"தெருவுக்குத் தெரிஞ்சா நாளைக்கே 'ஐயோ பாவம்'னு ஆரம்பிச்சிடுவாங்க. அவரு நெஞ்ச நிமுத்தி நடந்த தெருடி இது."

நானும் சரி என்றேன். சொல்லாமலே பார்த்துக்கொள்ள முடியும் என்று நினைத்தேன். என் வேலை அப்படி. ஒரு தொழிற்சாலையில் சென்சார்களையும் மீட்டர்களையும் பார்த்துக்கொள்கிற இன்ஸ்ட்ருமென்டேஷன் என்ஜினீயர் நான். எங்கே எது தப்பாகப் போகும் என்று முன்கூட்டியே யோசித்து, வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி செய்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வீட்டிலும் அதையே செய்தேன். பாத்ரூம் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினேன். வாசல்படி விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடித்தேன். சமையல் முடிந்ததும் காஸ் ரெகுலேட்டரை மூடும் பழக்கத்தை அம்மாவுக்கு ஏற்படுத்தினேன் — இதற்குத்தான் அதிக நாள் ஆயிற்று! மாத்திரைக்குக் கிழமை போட்ட டப்பா. வயலுக்குத் தெளிக்கிற மருந்து பாட்டில்களைக் கொல்லையிலிருந்து அப்புறப்படுத்தினேன்.

வரிசையில் கடைசியாக மிஞ்சியது ஒன்றுதான். அப்பா வெளியே போனால்?

போனை அவர் எடுத்துப் போவதில்லை. வாட்ச் கட்டுவதில்லை. ஆனால் வெளியே போவதென்றால் ஒரே சட்டைதான்... நீலக் கட்டம் போட்டது. வேறு சட்டைகள் பீரோவில் தூங்கும். எனவே, ஒரு சின்ன டிராக்கர் வாங்கினேன். தண்ணீர் பட்டாலும் கெடாத ரகம். சட்டையின் உள்பக்கம், பாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு குட்டிப் பை தைத்து அதில் போட்டேன். துவைக்கிற நாளில் எடுத்துக்கொள்ளலாம். அப்பா எங்கே போனாலும் என் போனில் ஒரு புள்ளி அவரோடு போகும்.

அப்பாவிடம் சொன்னேனா? இல்லை. சொன்னால் கோபப்படுவார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவருடைய கோபத்தை அவருக்கு முன்னால் நான் யோசித்து வைத்துவிட்டேன்!

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் இருப்பது திருநள்ளாற்றின் ஓரத்தில். சனிக்கிழமை என்றால் எங்கிருந்தெல்லாமோ பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். தலையில் நல்லெண்ணெய் வைத்து, நளன் குளத்தில் முழுகி, உடுத்திக்கொண்டு வந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு, வேறு துணி உடுத்தி சனீஸ்வரனைப் பார்க்கப் போவார்கள். பிடித்த சனி துணியோடு போய்விடும் என்பது நம்பிக்கை. விட்ட துணியை அள்ளிக்கொண்டு போகத் தனி வண்டி வரும்.

எங்கள் வீட்டில் யாரும் அப்படி முழுகியதில்லை. "பக்கத்து வீட்டுக்காரர் நம்மள என்ன செஞ்சிடப் போறாரு?" என்பது அப்பாவின் கட்சி.

அன்று காலை நான் வேலையில் இருந்தேன். அம்மா போன் செய்தாள். "கொல்லையில துணி காயப் போட்டுட்டு வந்து பாக்கறேன், அப்பாவக் காணும்டி."

நான் பதறவே இல்லை. போனைப் பார்த்தேன். புள்ளி குளத்துக்கரையில் இருந்தது.

"குளத்துக்கரையில உக்காந்திருக்காரும்மா. வேடிக்கை பாக்கட்டும். நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

எவ்வளவு பெருமை அந்தப் பேச்சில்! ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் அப்பா. இதைவிடப் பாதுகாப்பு வேறு உண்டா?

இத்தனைக்கும், தொழிற்சாலையில் ஒரு மீட்டர் கொஞ்சமும் அசையாமல் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த மீட்டரைத்தான். ஓடுகிற எதுவும் அப்படி நிற்காது. அப்பா விஷயத்தில் மட்டும் அது எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் புள்ளி நகர்ந்தது. நடக்கிற வேகம் இல்லை, வண்டி வேகம். யார் வண்டியில் ஏறினார்? பர்மிஷன் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கிளம்பும்போதே தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி போட்டேன். 'அப்பா கோயில் பக்கம் போனவர், போனை வீட்டில் வைத்துவிட்டார். நீலக் கட்டம் போட்ட சட்டை. பார்த்தால் சொல்லவும்.' ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று காட்ட, கடைசியில் ஒரு கும்பிடு பொம்மை வேறு!

அதற்குப் பிறகுதான் அம்மாவோடு நீங்கள் கேட்ட அந்தப் பேச்சு.

அது சட்டைதான் என்று தெரிந்தும், வேறு துப்பு இல்லாததால் புள்ளியைத் துரத்திக்கொண்டே போனேன். அம்பகரத்தூர் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை முன்னால் குட்டியானை நின்றது. ஈரத்துணிகளை மலையாகக் கொட்டியிருந்தார்கள். வேட்டி, புடவை, பேன்ட், சுடிதார். எந்தெந்த ஊர்க் கஷ்டமெல்லாமோ அங்கே கிடந்தது. இதில் எங்கே தேடுவது? போனில் டிராக்கரைச் சத்தம் போட வைக்கும் பட்டனை அழுத்தினேன்.

மலைக்குள்ளிருந்து 'கீ... கீ...' என்று சத்தம்.

மூட்டை இறக்கிக்கொண்டிருந்த டிரைவர் துள்ளி விலகினார். "என்னாக்கா இது, துணி அழுவுது!"

"அப்பாவத் தேடறேங்க" என்றேன்.

"துணியிலயா?"

இரண்டு கையாலும் அள்ளித் தள்ளினேன். நீலக் கட்டம் தெரிந்தது. இழுத்தேன். நனைந்திருந்தது. எண்ணெய் வாடை.

குளத்தில் இறங்கியிருக்கிறார். குளத்தில் இறங்கினவர்... மேலே ஏறினாரா?

உங்களுக்கு அந்த நிமிடம் வர வேண்டாம். ஆனால் வந்தால், ஒன்று சொல்கிறேன். கையில் இருப்பதைச் சரியாகப் பாருங்கள். நான் பார்த்தேன். சட்டை முறுக்கிப் பிழியப்பட்டிருந்தது. கை இரண்டும் உள்ளே மடிந்து, பாய் மாதிரி சுருட்டியிருந்தது. வயலிலிருந்து வரும்போதெல்லாம் அப்பா அப்படித்தான் சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருப்பார். முழுகினவர் கரையேறி, பிழிந்து, பொறுமையாகச் சுருட்டித்தான் விட்டிருக்கிறார்.

உயிரோடு இருக்கிறார். கரையில் இருக்கிறார். ஆனால் நீலக் கட்டச் சட்டையில் இல்லை.

உடையைச் சொல்லி ஆளைத் தேடவே கூடாத ஊர் ஒன்று இந்த உலகத்தில் உண்டென்றால், அது எங்கள் ஊர். சனிக்கிழமைகளில் இங்கே ஒரு துணியில் வருகிறவர் வேறு துணியில்தான் போவார். இங்கேயே பிறந்து வளர்ந்த நான், ஊர் பூராவையும் ஒரு சட்டையைத் தேட வைத்திருந்தேன்!

வேறு செய்தி போட வேண்டும். இந்த முறை உண்மையான செய்தி. தட்டச்சு செய்துகொண்டே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அத மட்டும் போடாதடி."

"போடுறேம்மா."

"என்னையக் கேக்காம..."

"ஒன்னையக் கேட்டுத்தாம்மா இவ்ளோ நாளு போடல."

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "போட்டோ நல்லதாப் போடு. கண்ணாடி போட்டுக்கிட்டிருக்கறது வேணாம். அதுல அடையாளமே தெரியாது."

போட்டேன். 'என் அப்பாவுக்கு மறதி நோய். வழி தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரியே பேசுவார். சட்டையைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். பார்த்தால் ஏதாவது பேச்சுக் கொடுத்து உட்கார வைத்து, எனக்குச் சொல்லுங்கள்.' கும்பிடு பொம்மை போடவில்லை.

ஸ்கூட்டரைத் திருப்புவதற்குள் போன் அடித்தது. பாலு அண்ணன். எங்கள் தெருக்காரர். குளத்துப் பக்கம் நல்லெண்ணெய் பாக்கெட் கடை வைத்திருக்கிறார்.

"தங்கச்சி, பெரியப்பாவுக்கா? என்னா சொல்ற நீ? காலையில நான்தானே அவரு தலையில எண்ணெய் வச்சு வுட்டேன்!"

"அண்ணே! அப்பவே ஏண்ணே சொல்லல?"

"நீ நீலச் சட்டைன்னு போட்டிருந்த. அவரு முழுவிட்டு, கரைவச்ச புது வேட்டியில ஜம்முனு போனாரு. வழியில நீயே பாத்துக்குவன்னு வுட்டுட்டேன். பெரியப்பாவுக்கு இந்த ஊர்ல தெரியாத சந்து உண்டா? 'என்னா பெரியப்பா, நீங்களே குளிக்க வந்துட்டிய?'ன்னு கேட்டேன். 'சனி இன்னும் என்னையப் பாக்க வரலடா, நானே போயிப் பாத்துட்டு வரேன்'னாரு. இப்புடிப் பேசுறவர யாரு சந்தேகப்படுவா, சொல்லு?"

ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதற்குத்தானே நானும் அம்மாவும் அவ்வளவு பாடுபட்டோம்?

"யாரோட போனாருண்ணே?"

"ஈரோட்டுக் கூட்டம் ஒண்ணு. பஸ் நிக்கிற எடத்துல இருக்கும். இரு, நான் ஓடிப் பாக்கறேன். நீ வா."

வந்தேன். எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். பஸ்கள் நிற்கும் திடலில் ஒரு டூர் பஸ் இன்ஜினைப் போட்டு உறுமிக்கொண்டிருந்தது. பாலு அண்ணன், எண்ணெய்க் கையோடு, பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். டிரைவர் ஹாரனை அடித்தார். அண்ணன் நகரவில்லை. அடுத்து கும்பகோணம் பக்கம் போகிற பஸ்.

உள்ளே ஏறினேன். ஜன்னலோர சீட்டில், சந்தனக்கரை வேட்டி, மேலே துண்டு, நெற்றியில் விபூதி, மடியில் வாழையிலைப் பொட்டலம். புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என் அப்பா.

"வா பாப்பா, உக்காரு" என்றார் சாவகாசமாக. "இவுங்க ஊர்ல மஞ்சள் போடுவாங்களாம். நம்ம மண்ணுக்கு வருமான்னு கேட்டுக்கிட்டிருக்கேன்."

பக்கத்து சீட்டிலிருந்த ஈரோட்டு அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "உங்கப்பாருங்களா கண்ணு? ஈரத்தோட தனியா நின்னாருங்க. எங்கூட்டுக்காரருக்கு வாங்குன வேட்டி ரெண்டு இருந்துச்சு, ஒண்ணக் குடுத்தோமுங்க. பின்னாடி பஸ்ல வந்தவராட்ட இருக்குதுன்னு நெனச்சுப் போட்டோம். 'எங்க எறங்கோணுங்க?'ன்னு கேட்டா, 'நீங்க எறங்கற எடத்துலயே எறங்கிக்கறேன்'னு சொன்னாருங்க!"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். அந்த அம்மா அழுதுவிட்டார். வேட்டிக்குக் காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றார். "சாமி எடத்துல குடுத்தது, திருப்பக் கூடாதுங்க."

அப்பாவைக் கூட்டிக்கொண்டு உடனே வீட்டுக்குப் போகவில்லை. கரும்பு ஜூஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"ஏம்ப்பா முழுவுனீங்க? நம்ம வீட்ல யாரும் முழுவ மாட்டோமே?"

அப்பா கிளாஸைக் கையில் உருட்டினார்.

"எனக்கு என்னமோ ஆவுது பாப்பா. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க. அன்னைக்கு ஒங்கம்மாவ நெனைக்கிறேன்... பேரு வரல. முகம் தெரியுது, பேரு வரல. 'இந்தா'ன்னு கூப்புட்டேன். எப்பவும் அப்புடித்தானே கூப்புடுவேன்? வந்துட்டா. அவளுக்கு ஒண்ணும் தெரியல."

நான் என் கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன்.

"சரி, ஊரு ஒலகமே இங்க வந்து வுட்டுட்டுப் போவுதே, நம்மளும் வுட்டுப் பாப்போம்னு முழுவுனேன்."

"போச்சாப்பா?"

கொஞ்சம் யோசித்தார். "சட்டைதான் போச்சு."

நான்தான் முதலில் சிரித்தேன். அப்புறம் அவரும். கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். நோயின் பெயர். மாத்திரை எதற்கு என்று. இது போகாது, ஆனால் முற்றுவதைத் தள்ளிப்போடலாம் என்று. கடைசியாக, ஈரச் சட்டையிலிருந்து டிராக்கரை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குத் தெரியாம என் சட்டையில தச்சியா?"

"ஆமாப்பா."

"சொல்லியிருந்தா சட்டையில வேணாம்னு சொல்லியிருப்பேனே. வெவசாயி சட்டையப் போட்டுக்கிட்டா தண்ணியில எறங்குவான்? கழட்டி வச்சிட்டு எறங்குவான், கரையேறித்தான் அத அலசிப் பிழிவான்." துண்டை விலக்கி இடுப்பைக் காட்டினார். அரைஞாண் கயிற்றில் எங்கள் மோட்டார் கொட்டகையின் சாவி. நிலத்தைக் குத்தகைக்கு விட்டபோது பூட்டையே மாற்றிவிட்டோம். பழைய சாவி மட்டும் இன்னும் அவர் இடுப்பில். குளத்தில் முழுகியும் போகாதது அது ஒன்றுதான். "இதோட கட்டு. இத நான் எங்கயும் வுட மாட்டேன்."

அங்கேயே கட்டினோம்.

இந்த நாளை நாளைக்கு அவர் மறந்துபோகலாம். டிராக்கர் என்ன என்று மறுபடி கேட்கலாம். கேட்டால் மறுபடி சொல்வேன். எத்தனை தடவை வேண்டுமானாலும். ஆனால் அவருக்குத் தெரியாமல் இனி எதையும் அவர் மேல் தைப்பதில்லை. முடிவு செய்துவிட்டேன்.

அம்மா? மறுநாள் காலை முகம் கழுவிப் பொட்டு வைத்து, தெருவில் இறங்கினாள். பால்காரர், பஸ் ஸ்டாப் டீக்கடை, மாவு மில், பாலு அண்ணன் வீடு... ஒவ்வொரு இடமாக நின்று, தன் வாயால் சொன்னாள். அவருக்கு இப்படி இருக்கு, பார்த்தா பேசிக்கிட்டே வீட்டுப் பக்கம் கூட்டிட்டு வாங்க என்று.

"யாராவது பாவம்னு சொன்னாங்களாம்மா?"

"சொன்னாங்க. சொல்லட்டும். சொல்லிட்டு, அவரு போற பக்கம் ஒரு கண்ண வச்சிக்கட்டும்."

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். தாழ்ப்பாளைக் கழற்றுங்கள், மருந்து பாட்டிலை அப்புறப்படுத்துங்கள், டிராக்கரும் வாங்குங்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது என் ஒருத்தியின் போனோடு மட்டும்தான் பேசும். குளத்தங்கரையில் அப்பா தலையில் எண்ணெய் வைத்தவருக்கு அது ஒன்றும் சொல்லாது. அவருக்கு நாம்தான் சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால், யாருக்கு நோயோ, அவரிடம்.

இந்தச் சனிக்கிழமை. வேலையில் இருந்தேன். பாலு அண்ணனிடமிருந்து போன்.

"தங்கச்சி, பெரியப்பா நம்ம கடையிலதான் உக்காந்திருக்காரு. வர்ற பஸ்காரங்ககிட்ட எல்லாம் 'முழுவுனா ஒண்ணும் போவாது, சட்டைதான் போவும்'னு சொல்லிக்கிட்டிருக்காரு. கொண்டாந்து வுடட்டா, இருக்கட்டா?"

போனைப் பார்த்தேன். புள்ளி எண்ணெய்க் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருந்தது. நல்ல அறிகுறி.

"இருக்கட்டும்ணே" என்றேன்.

அப்பாவின் பாதுகாப்புக்கு நான் பொறுப்பு. பாலு அண்ணன் வியாபாரத்துக்கு இல்லை!